பன்னிரண்டாவது மேசை

இனிப்புப் பெட்டியைச் சுற்றிய காகிதத்தை முத்தோ கினுவே கிழிப்பதில்லை. ஒட்டிய இடத்தில் நகத்தை விட்டு மெதுவாகப் பிரிப்பாள். அவள் இழுப்பறையில் அப்படி இருபது வருடக் காகிதம் மடிந்து கிடக்கிறது. எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

வெளியூர் போனவர்கள் அவள் வேலை பார்க்கும் பம்பு கம்பெனிக்கு இனிப்பு வாங்கி வருவார்கள். மூன்று மணிக்கு மேசை மேசையாக வைப்பது கினுவே. யாருக்குச் சிவப்புப் பயறு வைத்த இனிப்பு ஆகாது, யார் பிள்ளைக்கென்று பையில் போட்டுக்கொள்வார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மேசையின் வலது மூலையில், சத்தமில்லாமல் வைப்பாள்.

ஒரு மாதமாக அவள் கை பதினொரு மேசையோடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டாவது தொகாஷியுடையது. கூடுதலாக வேலை பார்த்த நேரத்தை அவர் மற்றவர்களைப் போலக் குறைக்காமல் உள்ளபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பிரிவுத் தலைவர் ஹிராமட்சுவின் உத்தரவு: "பதினொண்ணு போதும், முத்தோ சான். மணிக்கணக்கு எழுதியே அவனுக்கு வயிறு நெறைஞ்சிருக்கும்." மிஞ்சுவதைத் தொகாஷியின் எதிரே நின்று அவரே தின்பார். மற்றவர்கள் கணினியைப் பார்ப்பார்கள். மூன்று மணியானால் தொகாஷி கழிவறைக்குப் போய்விடுவார்.

கினுவேவுக்கு ஐம்பத்தேழு வயது. வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. இந்த வருடத்து ஒப்பந்தத் தாள் முத்திரை விழாமல் ஹிராமட்சுவின் மேசையில் கிடக்கிறது. அதன் மேல் அவர் தேநீர்க் கோப்பையை வைத்திருக்கிறார்.

இன்று தொகாஷி எழுந்ததும் ஹிராமட்சு குரல் கொடுத்தார். "எங்க கெளம்பிட்ட? உக்காரு. எல்லாரும் சாப்பிடறதப் பாக்கறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தொகாஷி உட்கார்ந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

கினுவே பெட்டியோடு முதல் மேசையருகே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன முத்தோ சான், எண்ணத் தெரியலையா?"

"தெரியுங்க. பன்னெண்டு இருக்கு."

பதினொரு மேசைகளையும் தாண்டி நடந்தாள். திறந்த பெட்டியைத் தொகாஷியின் மேசையில், வலது மூலையில், சத்தமில்லாமல் வைத்தாள்.

"வேணுங்கறவங்க இங்க வந்து எடுத்துக்குங்க."

பிறகு தன் இடத்துக்குப் போய்க் காகிதத்தை மடித்தாள். ஓரம் நேராக வரவில்லை. பிரித்து, மறுபடி மடித்தாள்.