அம்மாசியின் வெள்ளை சைக்கிள்

அம்மாசி தன் சைக்கிளைத் தேடிக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வந்தது ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறிய பிறகு. கையில் கம்பு, வலது காலைக் கொஞ்சம் தாங்கி நடை. நாலு மாதம் முன்னால் இதே முனையில்தான் ஒரு லாரி அவரைப் பின்னாலிருந்து தட்டித் தூக்கிப் போட்டது. தொடையில் கம்பி வைத்து, தலையில் பதினாலு தையல் போட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். சைக்கிள் மிதித்தால் காலுக்கு நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டார். மிதிக்கத்தான் சைக்கிள் இல்லை.

அது இல்லாவிட்டால் மனுஷருக்குப் பிழைப்பே இல்லை. கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடிசையில் பிறந்தவர். குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடியில் வீடு கொடுத்தபோது, அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் பழைய வேலையை விட்டார்கள். அம்மாசி விடவில்லை. தினமும் முதல் பஸ் பிடித்து மந்தைவெளியில் மச்சான் வீட்டுக்கு வருவார். அங்கேயே டீ போட்டு, அங்கேயே நிறுத்தியிருக்கும் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கட்டட ஆட்கள், வாட்ச்மேன்கள், ஆட்டோக்காரர்கள் என்று இருபத்திரண்டு வருஷமாக அவர் இஞ்சி டீக்கு ஆள் இருந்தது. கேன் ஆடாமல் நிற்பதற்காகக் கேரியரில் ஒரு கொக்கி வைத்திருந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பட்டறையில் பக்கத்திலேயே நின்று, கொஞ்சம் கோணல் என்று சண்டை போட்டு, மறுபடி பற்றவைக்கச் சொல்லியும் கோணல் போகாத கொக்கி அது.

விபத்து நடந்த மூன்றாம் நாள் அவர் மனைவி தேவானை வந்து பார்த்தபோது சைக்கிளைக் காணவில்லை. பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அம்மாசிக்கு மனசு கேட்கவில்லை. நாலு பேரை விசாரித்தால் தெரியாதா என்றுதான் இன்றைக்குப் புறப்பட்டு வந்தார்.

விசாரிக்கவே தேவைப்படவில்லை. முனையில், விளக்குக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டி, ஒரு சைக்கிள் நின்றது. முழுக்க வெள்ளை. சீட்டு வெள்ளை, டயர் வெள்ளை, செயினுக்குக்கூட விடாமல் வெள்ளை பெயின்ட். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, அடியில் ஊதுபத்தி. மேலே ஒரு பலகை. அம்மாசி எழுத்துக் கூட்டிப் படித்தார். "இங்கே ஒரு சைக்கிளோட்டி உயிரிழந்தார். மெதுவாகச் செல்லுங்கள்."

"அடப்பாவமே, யாரு பெத்த புள்ளையோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் கேரியரைப் பார்த்தார். கொக்கி. அதே கோணல். கோணிப்போயிருந்த முன்சக்கரத்தைக்கூட யாரோ நேர்படுத்தியிருந்தார்கள். பலகையின் கீழே தேதி போட்டிருந்தது. அவர் அடிபட்ட தேதி.

அம்மாசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சைக்கிள் தன்னுடையது, தேதி தன்னுடையது, செத்தது மட்டும் யார்? தனக்கு அடிபட்ட பிறகு யாராவது இந்தச் சைக்கிளை எடுத்து ஓட்டி, அதே நாளில் அதே இடத்தில் போய்ச் சேர்ந்தானா? பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் அடிபட்ட காலத்தில் அங்கே பூக்கடை கிடையாது.

"ஏம்மா, இன்னா இது? யாரு செத்தது?"

"டீக்காரராம்யா. லாரி அட்சி ஸ்பாட்லயே பூட்டாராம். நல்ல மன்சனாம், ஒரு வார்த்தை அதிகமா பேச மாட்டாராம். நான் கடை போட்டதுலேர்ந்து தெனம் ஒரு முழம் வெச்சிடுவேன். யாவாரம் நல்லாத்தான் போய்க்கினு கீது."

"இது என் சைக்கிள்மா."

"யோவ், சாமி விஷயத்துல வெளையாடாத. அப்பால போ!"

அதட்டிவிட்டு அவளே மேலும் சொன்னாள். சைக்கிள் கிளப்புக்காரர்கள்தான் விழுந்து கிடந்ததை எடுத்துப்போய், வெள்ளை அடித்து இங்கே வைத்தார்களாம். ரோட்டில் யாராவது சைக்கிளோடு செத்தால் அப்படி வைப்பது அவர்கள் வழக்கமாம். மாசா மாசம் வந்து தலையைக் குனிந்து நிற்பார்களாம். நாளைக் காலை ரோட்டு ஆபீசர் வருகிறாராம், இந்த முனைக்கு வேகத்தடை கேட்கப் போகிறார்களாம். அம்மாசி தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினார். உயிரோடு இருக்கிறேன் என்று ஒருத்தரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? பெரும்பாக்கம் வரைக்கும் யோசித்தும் முதல் வார்த்தை கிடைக்கவில்லை.

தேவானை கேட்டுவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் ஒரே நிமிஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"கட்டையில போறவங்க! உசுரோட கீற மன்சனுக்கு மாலையா போட்டு வெச்சிக்கிறாங்க? நாளைக்குக் காலைல போற. உசுரோட கீறேன்னு சொல்ற. சைக்கிளை ஓட்டினு வர. நாலு மாசமா நாலு வூட்டுப் பாத்திரம் தேய்ச்சி என் கை வெந்து பூச்சிய்யா."

அம்மாசி முதல் பஸ்ஸுக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்தார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு அந்த முனையில் நாற்பது சைக்கிள் நின்றது. எல்லாம் மெலிசு மெலிசான சைக்கிள்கள், ஒன்றிலும் கேரியர் இல்லை. ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையுமாக ஆணும் பெண்ணும். கிளப்பை நடத்துகிற ஷண்முகப்ரியா என்ற பெண் கையில் மைக் வைத்திருந்தாள். அம்மாசி கூட்டத்தில் நுழைந்ததும் ஒருத்தர் அவர் சட்டையில் கறுப்பு ரிப்பன் குத்திவிட்டார், இன்னொருத்தர் கையில் வாழைப்பழம் கொடுத்தார். தன் சாவுக்குத் தானே துக்கம் கேட்க வந்தவர் மாதிரி ஆகிவிட்டது அவர் நிலைமை.

"அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது" என்று ஷண்முகப்ரியா பேசினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாள் காலைல இங்க நின்னு அவர்கிட்ட டீ குடிச்சேன். ஹெல்மெட்டோட குடிக்காதம்மா, இடிக்குதுன்னு சொன்னார். அடுத்த மாசம் இதே இடத்துல அவர் சைக்கிள் கெடந்துது. டீயும் ரத்தமுமா இருந்துது. தூக்கிட்டுப் போறப்பவே மூச்சு இல்லன்னு வாட்ச்மேன் சொன்னார். இன்னொரு ஆள் விழறதுக்குள்ள இங்க ஒரு வேகத்தடை போடுங்கன்னு கேக்கறோம். அவ்ளோதான் சார்."

மூச்சு இல்லையாம்! தான் எப்படிச் செத்துப்போனோம் என்று அம்மாசிக்கு ஒரு வழியாகப் புரிந்தது. புரிந்தும் குழப்பம் குறையவில்லை. தனக்காக முன்பின் தெரியாத ஒரு பெண் அழுகிறாள். இப்போது போய், "அதெல்லாம் இல்லம்மா, இங்கதான் கீறேன்" என்றால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்குமா, கோபம் வருமா?

பக்கத்தில் நின்ற ஹெல்மெட் பையனிடம் மெதுவாகச் சொன்னார். "தம்பி, அது என்னோட சைக்கிள்பா."

ராம்குமார் என்ற அந்தத் தம்பி பாதிதான் காதில் வாங்கினான். "ஐயோ, அவரோட ஃபேமிலியா நீங்க? ப்ரியா! சொந்தக்காரர் வந்திருக்கார்!" கூட்டம் வழிவிட்டது. கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

ஆபீசர் நல்ல மனுஷர்தான். ஃபைலை ஜீப் மேல் வைத்துக்கொண்டு சொன்னார். "இவங்க ரெண்டு தடவ மனு குடுத்துட்டாங்க. பேரு தெரியாத ஆளுன்னு மேல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இறந்தவர் பேரு?"

அம்மாசி வாயைத் திறந்தார். எதிர்ப்பக்கம் ஒரு பெண், வீட்டு வேலைக்குப் போகிறவள் போல, சைக்கிளை ஒரு காலில் நிறுத்திக்கொண்டு சாலையைக் கடக்கக் காத்திருந்தாள். கேரியரில் சாப்பாட்டுப் பை. முன்சக்கரத்தை இறக்கினாள். வளைவிலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. சட்டென்று சைக்கிளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அம்மாசிக்குத் தொடைக் கம்பியில் சுரீரென்றது.

"பேரு சொல்லுங்கய்யா."

"அம்மாசி."

ஆபீசர் எழுதிக்கொண்டார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"ரொம்ப வேண்டியவன் சார். ஒரே தட்டுல சாப்ட்டவங்க."

"போதும். நாளைக்கே மேல அனுப்பிடறேன். பத்து நாள்ல போட்டுடுவாங்க." ஆபீசர் சாலையைப் போட்டோ எடுக்கப் போனார். நாற்பது பேரும் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். ஷண்முகப்ரியா வந்து அம்மாசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி அண்ணா. அவரைக் காப்பாத்த முடியல எங்களால."

"ஹெல்மெட்டைக் கழட்டும்மா" என்றார் அம்மாசி. "அன்னிக்கும் இதேதான் போட்டுனு இருந்த. சிவப்பு."

அவள் அவரைப் பார்த்தாள். நெற்றித் தழும்பைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள். "அண்ணா... நீங்க..." குரல் உயர்ந்தது.

"கத்தாதம்மா! ஆபீசர் இன்னும் ஜீப்பு ஏறல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ஐயோ, நாங்க உங்களை... உங்க சைக்கிளை... தப்பு அண்ணா இது. நான் போய் சார்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா வேகத்தடை வருமா?"

"தெரியலண்ணா."

"எனக்கும் தெர்லம்மா. சரியா தப்பான்னு ஒரு எழவும் புரில. பத்து நாளுதானே? அதுவரைக்கும் நான் செத்தே கீறேன். சைக்கிளை எடுத்துட்டா பலகையை எங்க மாட்டுவ? அங்கயே நிக்கட்டும். வேகத்தடை போட்டதும் சொல்லு, வந்து ஓட்டினு போறேன்." வண்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "பெயின்ட் மட்டும் பேஜாரு. டீ சிந்தினா கறை தெரியும்."

பெரும்பாக்கத்தில் ஐந்து மாடி ஏறுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்த தேவானை அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கம்பு இருந்தது, கையில் ஒரு வாழைப்பழம் இருந்தது.

"சைக்கிள் எங்க?"

"அங்கயே நிக்குது."

"உசுரோட கீறேன்னு சொன்னியா இல்லியா?"

அம்மாசி உட்கார்ந்து, காலை நீட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். லாரியைச் சொன்னார், சைக்கிளைப் பின்னால் இழுத்துக்கொண்ட பெண்ணைச் சொன்னார், ஆபீசர் பேர் எழுதிக்கொண்டதைச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் தேவானை சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். அதன் ஓரத்தில் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"அப்ப இந்தப் பத்து நாளும் நான் பொட்டு வெச்சிக்கலாமா, வேணாமா? அத்த சொல்லுய்யா மொதல்ல."