ஏழுமலையின் கைக்கு ஒரு ரீல்

விற்ற தூண்டில் ரீல் பெட்டியோடு திரும்பி வந்தால் எங்கள் கடையில் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி இருக்காது. முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். ‘விற்ற சாமான் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கல்லாவுக்கு மேலே போர்டே மாட்டியிருக்கிறார். அதைப் படித்த பிறகும் ஏழுமலை பெட்டியைக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தார்.

“அக்கா, இத்த திருப்பி எடுத்துக்குவீங்களா? ஓப்பன் கூட பண்ணல.”

பெட்டியின் ஓரத்தில் டேப் அறுந்திருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அதற்குள் கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்துவிட்டார்.

“ரீலு இன்னா சேலையா, கலரு புடிக்கலன்னு மாத்திகினு போறதுக்கு?”

“கலரு நல்லாத்தான் கீது சார்” என்றார் ஏழுமலை. சண்டை போட வந்த ஆள் இல்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

எங்கள் கடை அம்பத்தூரிலிருந்து ஆவடி போகிற ரோட்டில் இருக்கிறது. தூண்டில் சாமான் கடை. ராட், ரீல், நரம்பு என்கிற நைலான் கயிறு, ஈயக்குண்டு, முள் எல்லாம் உண்டு. கடல் இங்கிருந்து நல்ல தூரம். ஆனாலும் வாரம் முழுக்க அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செங்குன்றம், மீஞ்சூர் வழியாகப் பழவேற்காட்டுக்கு வண்டியை விட்டுவிடுவார்கள். வெள்ளானூர்ப் பக்கம் புதுப் பிளாட்டுகளில் குடிவந்திருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் இப்போது சேர்ந்துகொண்டார்கள். இந்த இரண்டு கூட்டத்தை நம்பித்தான் எங்கள் கடை ஓடுகிறது.

நான் முன்பு எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள். கம்பெனியை இழுத்து மூடினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கோபம் அதிகமாகும் என்று என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் ஓடிப்போய் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார். ரீல் சர்வீஸ் பழகினேன், பிறகு விற்கவும் பழகினேன். இன்றைக்கும் சிலர் என் தோளுக்குப் பின்னால் ஆம்பிளை யாராவது நிற்கிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். “முதலாளியைக் கூப்பிடட்டுமா?” என்று நானே கேட்பேன். அவர் வந்து, “இன்னாம்மா, இவருக்கு எந்த ரீலு குடுக்கலாம்?” என்று என்னைத்தான் கேட்பார். அது ஒரு தனி வேடிக்கை.

கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள், கரையிலிருந்து கடல் மீன் பிடிக்க எந்த ரீலைக் கொடுப்பது என்று என்னைக் கேட்கிறார்கள். பொதுவாகச் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் சீல் வைத்ததா என்று பாருங்கள். டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற பிரேக், குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். ஹேண்டிலை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம். ரீல் மேல் நாலாயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் என்று போட்டிருப்பது சைஸ். நம்பர் கூடினால் பெரிய மீன் வரும் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டு வருவார்கள். நம்பர் கூடினால் எடைதான் கூடும். நரம்பு சுற்றுகிற அந்தப் பெரிய ஸ்பூலுக்கு ஏற்ற ராடும், அதை வீச ஏற்ற உடம்பும் வேண்டும்.

இதெல்லாம் எந்தக் கடையிலும் சொல்வார்கள். ஏழுமலையிடமிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாக்கெட்டில் இருந்த கை

அந்த ரீலை வாங்கிப் போனது ஏழுமலை இல்லை. அவருடைய கூட்டாளி தேவாவும் ஷிப்ட்டுக்காரர்களும் சேர்ந்து, நான் லீவில் இருந்த ஒரு நாளில் வந்து வாங்கியது. “நம்ம ஆளு ஒர்த்தன், அடிபட்டு ஊட்ல கீறான், அவனுக்கு மாஸா ஒண்ணு குடுங்க” என்றார்களாம். எங்கே அடி என்று அவர்களும் சொல்லவில்லை, முதலாளியும் கேட்கவில்லை. ஷோகேஸில் இருந்ததிலேயே பெரியதாக ஒரு பத்தாயிரம் சைஸ் ரீலை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஏழுமலை பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவருடைய வலது கை பேன்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த எனக்கு அது புரியாமல் இல்லை. சிலர் பாக்கெட்டில் வைப்பார்கள், சிலர் துண்டுக்கு அடியில் வைப்பார்கள், சிலர் சாப்பாட்டுப் பையை அந்தக் கையில் மாட்டிக்கொண்டு விடவே மாட்டார்கள்.

“எத்தனை டன் பிரஸ்ஸுப்பா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை.

“நூறு டன்னுக்கா. ஒரு பட்டன்ல டேப் ஒட்டி வெச்சிருந்தோம்.”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பட்டன் மேல் இருந்தால் தகட்டை நசுக்குகிற டைக்குள் விரல் போகாது, அதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் உருப்படி வேகமாக விழவேண்டும் என்று ஒரு பட்டனை அமுக்கி டேப் போட்டுவிட்டு, ஒரு கையால் பட்டனும் மறு கையால் தகடுமாக ஓட்டுவார்கள். நான் இருந்த இடத்திலும் ஒட்டினார்கள். நான் கத்தினால், “இன்ஸ்பெக்‌ஷனுக்கு இங்க இன்னா வேல?” என்பார்கள். அந்த டேப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

மிச்சத்தை ஏழுமலை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கம்பெனியில் ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். அதைப் பொறுத்துக்கொண்டார். கை ஆறியதும் தேவா அவரைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போய் நிழல் பார்த்து உட்காரவைத்து, தண்ணீர் கேனைப் பக்கத்தில் வைத்து, சாமான்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே தூரமாக வீசுகிற ஆள் என்று பேர் வாங்கினவர் ஏழுமலை. திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அவரைத் திரும்ப இழுக்கத்தான் இந்தப் பெரிய ரீல்.

“அவனுங்க ஆசையா வாங்கிக் குடுத்துட்டானுங்க. என்னால நரம்பையே புடிக்க முடியலக்கா” என்றார்.

நரம்பை வீசும்போது ராடைப் பிடித்த கையின் ஆள்காட்டி விரலால் நரம்பைக் கொக்கி போட்டுப் பிடித்து, சுழற்றி, சரியான நேரத்தில் விரலை விடவேண்டும். அந்த விரல் இல்லை. மோதிர விரலால் பிடிக்கலாம் என்றால் பெரிய ரீலில் ஸ்பூல் ராடிலிருந்து தள்ளி நிற்கும், எட்டாது. கடையில் இருந்ததிலேயே அவருக்கு ஒத்துவராத ரீலைத்தான் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தோம்.

“இடது கையால வீசு” என்றேன்.

“எட்து கையால ஸ்பூன் புடிச்சாக்கூட சோறு கீய கொட்டுதுக்கா.”

“சோறு திங்க யாருப்பா சொன்னா? நரம்பைத்தானே பிடிக்கச் சொல்றேன்.”

சிரித்துவிட்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்துப் பார்த்தேன். நாலாயிரம் சைஸில் விரல் நன்றாக எட்டியது, ஆனால் கடலுக்கு நரம்பு போதாது. ஐயாயிரம் சரியாக இருந்தது. பழக்கமில்லாத கைக்கு எடையும் அதிகமில்லை. மெதுவாகச் சுற்றுகிற கியர் உள்ளதாகப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குக் குறைவாகத்தான் நரம்பு ஏறும், ஆனால் பாரத்தோடு சுற்றச் சுளுவு. சுற்றுவது வலது கை என்பதால் ஹேண்டிலைக் கழற்றி வலது பக்கம் மாட்டினேன். பிரச்சினை அங்கேதான் வந்தது. ஹேண்டில் நுனியில் இருந்த நாப் என்கிற சின்னக் குமிழைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத்தான் பிடிக்க முடியும். அவர் சுற்றச் சுற்ற வழுக்கியது.

அதுவரை கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளி எழுந்து வந்தார். சர்வீஸ் டிராயரைக் கொட்டிக் கவிழ்த்து, உடைந்துபோன ஏதோ ஒரு பெரிய ரீலின் நாப்பைத் தேடி எடுத்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையானது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவரே மாட்டினார். உள்ளங்கைக்குள் அந்த உருண்டையை வைத்து மிச்ச விரல்களால் மூடி ஏழுமலை சுற்றினார். ரீல் சத்தமில்லாமல் சுற்றியது. போர்டில் எழுதியிருந்ததைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

வெள்ளானூர் மனையில்

ஏழுமலையின் வீடு கோவில்பதாகையில். சாயங்காலம் வேலை முடிந்ததும் வெள்ளானூரில் கல் நட்டுப் போட்டிருக்கிற காலி மனைகளுக்குப் போய், முள் மாட்டாமல் வெறும் ஈயக்குண்டை மட்டும் கட்டி வீசிப் பழகினார். தேவாவிடம் சொல்லவில்லை. குண்டு முன்னால் போவதைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் போனது. ஒரு நாள் நேர் மேலே போய் அவர் காலடியிலேயே விழுந்தது. இன்னொரு நாள் பக்கத்தில் அப்போதுதான் போட்டிருந்த கான்கிரீட் தளத்தில் போய்ப் புதைந்து, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சில வாரம் கழித்து ரீலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மறுபடியும் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ராடை வீசும்போது இல்லாத வெரலுதான் மொதல்ல தூக்குதுக்கா” என்றார். “எட்து கை அதுக்கப்பால தான் முழிச்சிக்குது. அதுக்குள்ள குண்டு எங்கியோ பூடுது.”

சரக்கு எடுக்கிற மாதிரி உள்ளே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். “இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் வீசிப் பாருப்பா, அப்புறமும் வரலன்னா நானே எடுத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னேன். அதில் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டியை அன்றைக்கு வாங்கி உள்ளே வைக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ராடோடு வந்து நின்றார். முகமே வேறாக இருந்தது.

“ரெண்டு பட்டன்க்கா” என்றார்.

கடைக்குள்ளேயே ராடைத் தூக்கிக் காட்டினார், முதலாளி குனிந்து தப்பித்தார். ராடின் அடிக்கட்டை வலது கையில், ரீல் இடது கையில். வலது கை அடிக்கட்டையை வயிற்றுப் பக்கம் இழுப்பதும் இடது விரல் நரம்பை விடுவதும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். பிரஸ்ஸில் சேர்ந்த புதிதில், டேப் ஒட்டப் பழகுவதற்கு முன்னால், இரண்டு கையும் ஒன்றாக அமுக்கியதே, அதே மாதிரி. அப்படி நினைத்து வீசியதும் குண்டு நேராக நாலைந்து மனை தாண்டிப் போய் விழுந்திருக்கிறது. இதை நான் சொல்லிக்கொடுத்தேன் என்று தேவா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சத்தியமாக இல்லை. ஏழுமலையே கண்டுபிடித்தது.

பழவேற்காட்டில்

அந்த ஞாயிறு நானும் என் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் போனோம். இத்தனை வருஷம் ரீல் விற்றும் யாரும் கரையில் நின்று மீன் பிடிப்பதை நான் பார்த்ததில்லை. முகத்துவாரத்துப் பக்கம் மணலில் நின்றபோது காற்று புடவையைப் பிய்த்தது.

தேவா வழக்கம்போல நிழல் தேடினான். “நீ இங்க குந்து மாமே, நாங்க பாத்துக்குறோம்.” ஏழுமலை தன் ராடைப் பிரித்து மாட்டினார். சின்ன ரீலைப் பார்த்ததும் தேவாவுக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. தாங்கள் வாங்கிக் கொடுத்த பெரியதை மாற்றி ஏமாற்றிவிட்டேனா என்கிற மாதிரி முறைத்தான். நானும் முறைத்தேன்.

முதல் வீச்சு அலைக்குள்ளேயே விழுந்தது. கூட்டாளிகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்த வீச்சில் இரண்டு கையும் ஒன்றாக நகர்ந்ததை நானே பார்த்தேன். குண்டு உடைகிற அலையைத் தாண்டிப் போய் விழுந்தது. தேவா வாயைத் திறந்தபடி நின்றான்.

மீன் உடனே வந்துவிடவில்லை. வெயில் ஏறியது. எல்லோருக்கும் கெளுத்திதான் கிடைத்தது. கிளம்பலாமா என்று பேச ஆரம்பித்தபோது ஏழுமலையின் ராட் வளைந்தது. டிராக் கிர்ரென்று கத்திக்கொண்டு நரம்பை விட்டது. தேவா தன் ராடை மணலில் போட்டுவிட்டு ஓடிவந்து கையை நீட்டினான்.

“வுடு மாமே, நான் புட்ச்சிக்கிறேன்.”

“கை வெக்காத தேவா” என்றார் ஏழுமலை. அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். “இது என்னோட மீனு.”

தேவாவின் கை அப்படியே நின்றது. பிறகு இரண்டடி பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான். ஏழுமலை ராடைத் தூக்குவார், இறக்கும்போது சுற்றுவார், மீன் ஓடினால் விட்டுக்கொடுப்பார். அந்த உருண்டை உள்ளங்கையை விட்டு நழுவவே இல்லை. கடைசியில் ஒரு அலையோடு சேர்ந்து மணலில் வந்து விழுந்தது நல்ல கனமான காலா மீன். ஏழுமலை குனிந்து மூன்று விரல் கையாலேயே அதன் செவுளைப் பிடித்துத் தூக்கினார். தேவா அழுதுவிட்டான். கண்ணில் மண் விழுந்துவிட்டது என்றான். நாங்களும் சரி என்று கேட்டுக்கொண்டோம்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு கவுன்ட்டரில் யார் வந்து நின்றாலும் நான் முதலில் எந்தக் கடல், எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை. ராடைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிக் கையைத்தான் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வேறொருவருக்காக வாங்க வந்தால், அவரையே ஒரு தடவை கூட்டிவரச் சொல்லுங்கள். வந்துதான் ஆகவேண்டும் என்று அடம் பிடியுங்கள்.

ஏழுமலை சொல்லி எஸ்டேட்டிலிருந்து இப்போது ஆட்கள் வருகிறார்கள். பாக்கெட்டில் கையோடு வாசலில் தயங்குவார்கள், நான் உள்ளே கூப்பிடுவேன். முதலாளி அந்த உருண்டை நாப்பை மொத்தமாக வரவழைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். கடையில் விற்காமலே கிடக்கவேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொள்கிற ஒரே சரக்கு அது. ஆனாலும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. வாங்கிப்போனவர்களில் ஒருத்தர்கூட இதுவரை பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் கடற்கரையில் நிற்கிறார்கள்.