பஞ்சர் என்றான் சேவுகன்

கீரனூரில் உரக்கடை வைத்திருக்கும் குணசேகரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். கரண்டில் ஓடும் பைக் வாங்கிய நாளிலிருந்து அது இன்னும் நீண்டுவிட்டது. கடைக்கும் வீட்டுக்கும் போய்வரத் தங்கமான வண்டிதான். ராத்திரி சார்ஜில் போட்டால் காலையில் தயார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தங்கை கலைமதியின் கணவன் சேவுகனைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்ள, அந்த ஓட்டை மொபெட்ட இன்னும் காயலாங்கடையில போடலையா?" என்பார். சேவுகன் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

கலைமதியின் மகளுக்குத் திருமயத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

"சீர்த்தட்டோட பஸ்ஸுல போயிருவோம்ங்க" என்றாள் மனைவி செவந்தி.

"நீ முன்னால போ. நான் நம்ம வண்டியில வாரேன். சொந்தக்காரங்க பாக்கட்டும்."

கம்பெனிக்காரன் சொன்ன தூரத்தை அப்படியே நம்பிக் கிளம்பியவர், புதுக்கோட்டையில் நிறுத்தி சேக்காளிகளுக்கு ஆளுக்கொரு ரவுண்டு ஓட்ட வேறு கொடுத்தார். பிறகு நேரமாகிவிட்டதென்று மெயின் ரோட்டில் விரட்டினார். நமணசமுத்திரம் தாண்டியதும் வண்டி சத்தமில்லாமல் நின்றுவிட்டது.

வெயிலில் தள்ளிப் பார்த்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். புது வண்டியை ரோட்டில் போட்டுவிட்டுப் பஸ் ஏறவும் மனசு வரவில்லை. நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது. கடைசியில், பிள்ளையைப் பெற்ற சேவுகனுக்கே போன் போட்டார்.

பட்டுவேட்டியோடு அதே மொபெட்டில் வந்தான் சேவுகன். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏறி ஹேண்டில நேராப் புடிங்க மச்சான்" என்று சொல்லி, மொபெட்டை ஓட்டியபடியே பைக்கின் பின்னால் ஒரு காலை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே திருமயம் வரை வந்தான். குணசேகரனுக்கு மானம் போனது.

கோயில் வாசலில் ஆசாரி காத்திருந்தார். "எங்கண்ணன் வராம எம்பிள்ளைக்குக் காது குத்தக்கூடாது" என்று கலைமதி யாரையும் நெருங்கவிடவில்லையாம்.

"என்னப்பா, கரண்டு தீந்துருச்சா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

சேவுகன் முந்திக்கொண்டான். "அதெல்லாம் இல்லங்க, பஞ்சரு. அதுக்கு மச்சான் என்ன செய்வாரு?"

அவன் நாலு பேர் முன்னால் கேலி பண்ணியிருந்தால்கூட குணசேகரனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. கூனிக் குறுகி உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கி, தலையை அணைத்துப் பிடித்தார். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது.

"பஞ்சர் இல்லங்க" என்றார் குணசேகரன். "சார்ஜுதான் தீந்துபோச்சு. எல்லாம் என் வாய்க்கொழுப்பு."

அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குழந்தை ஓய்ந்த பிறகு அதை இன்னொரு தடவை சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.