ஒகோலாவின் காது

நைரோபியின் கிரின்யாகா சாலையில் மட்டாட்டு என்கிற தனியார் மினிபஸ்களுக்குப் பாட்டுச் சாமான் பொருத்துகிறவர்கள் ஏகப்பட்ட பேர். அவர்களில் மீட்டரைத் தொடாமல் காதாலேயே வேலை முடிப்பவன் தான் ஒருவன்தான் என்று ஒகோலா பீற்றிக்கொள்வான். மீட்டர் வைத்து அளப்பவர்களை ஏதோ ஊன்றுகோல் பிடித்து நடப்பவர்களைப் போலப் பார்ப்பான்.

அவன் முறை எளிது. ஸ்டீரியோவை முக்கால் சத்தத்தில் வைப்பான். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டும் கெயின் திருகை மெல்ல ஏற்றுவான். பாட்டில் கரகரப்பு எட்டிப் பார்த்ததும் கொஞ்சம் இறக்கி நிறுத்துவான். ஆனால் சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் தலையைவிட்டே பிழைத்ததில், அந்தக் கரகரப்பு அவன் காதுக்கு எட்டாமல் போய் வெகுகாலமாகிவிட்டது. உலகம்தான் நாளுக்கு நாள் பண்பட்டு வருகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். ஹாரன்கள் அடங்கிவிட்டன. மனைவி அவினோகூட மென்மையாகப் பேசக் கற்றுக்கொண்டாள். அவள் தொண்டை கிழியக் கத்துவது அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மட்டும் கேட்டது.

ஒருநாள் ரொங்காய் தடத்தில் ஓடும் மட்டாட்டுவின் முதலாளியம்மா வாங்கெச்சி, கழுவித் துடைத்த புது வண்டியோடு வந்தாள்.

"நம்ம வண்டி வந்தா ரோட்டோரக் கடைக் கண்ணாடியெல்லாம் அதிரணும். பின்னாடி வர்றவன் வயிறு எரியணும்."

"கவலைய விடுங்கம்மா."

சப்வூஃபரை மாட்டித் திருகை ஏற்றினான். கரகரப்பு வரக் காத்திருந்தான். வரவில்லை. இன்னும் ஏற்றினான். திருகு கடைசியில் போய் முட்டி நின்றது.

அந்த வண்டியின் கண்டக்டர் வஃபூலா காதைப் பொத்திக்கொண்டு அலறினான். "தகரத்தத் தரையில இழுக்கிற மாதிரி இருக்குண்ணே!"

"தங்கம் மாதிரியா? நம்ம கை பட்டா அப்படித்தாண்டா."

தங்கம் லங்காட்டா சாலை வரை தாங்கியது. அங்கே பின் சீட்டுக்கடியில் சப்வூஃபரின் கம்பிச்சுருள் கருகிப் புகை கிளம்பியது. புகையும் வண்டி அலங்காரத்தில் சேர்த்தி என்று நினைத்த கல்லூரிப் பையன்கள் கைதட்டி ஆடினார்கள். கீரை மூட்டையோடு வந்த ஒரு அம்மாள்தான் முதலில் ஜன்னல் வழியாகக் குதித்தாள்.

மறுநாள் கருகிய சாமானை வாங்கெச்சி அவன் மேசைமேல் தொப்பென்று போட்டாள். ஒகோலா அதை முகர்ந்து பார்த்து, "போலிச் சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னான். வேறொன்றை மாட்டி மறுபடி திருகை ஏற்றினான். அப்போது உகாலிக் களியும் ஒமேனா மீன் குழம்பும் கொண்டுவந்த அவினோ, பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"நிறுத்துய்யா! கொரவளைய நெரிக்கிற மாதிரி கத்துது, கேக்கலையா உனக்கு?"

அவன் சிரித்தபடி தலையாட்டினான். அவள் அவனைத் தள்ளிவிட்டுத் திருகைப் பின்னால் திருப்பினாள்.

"அப்பாடா! இப்பதான் பாட்டு பாட்டா கேக்குது" என்றாள் வாங்கெச்சி.

ஒகோலாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அதிர்வு குறைந்திருந்தது, அவ்வளவுதான். எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு அவினோவின் காதருகே குனிந்து, "நெசமாவே மாறிச்சா?" என்று கேட்டான். ரகசியம் பேசுவதாகத்தான் அவனுக்கு நினைப்பு. தெருமுனைவரை கேட்டது. அவள் கத்தவில்லை. அவன் முகத்துக்கு நேரே நின்று, ஆமாம் என்று தலையசைத்தாள்.

ஆஸ்பத்திரியில் காதுக்கு ஒரு கருவி மாட்டிப் பார்த்தார்கள். அதன் சத்தம் சரியில்லை, ட்யூன் பண்ணியவனுக்குத் தொழில் தெரியாது என்று கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தான்.

இப்போது வேலைக்கு வரும் வண்டியின் முன்சீட்டில் அவினோ உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கிறாள், கரகரப்பு கேட்டதும் கை தூக்குகிறாள். அவன் திருகை நிறுத்துகிறான். வாசலில் 'டாக்டர் ஒகோலா' என்று புதுப் பலகை தொங்குகிறது. அவினோ வராத நாளில் டிரைவர்கள் அதைப் படித்துவிட்டு, உள்ளே அவள் இல்லையென்று தெரிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள்.