வீட்டில் சும்மா இருந்தவள்

கழுகக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது. எதிரே உட்கார்ந்திருந்த மனிதவள அதிகாரி அப்படி ஒன்றும் கடுமையாகப் பேசிவிடவில்லை. குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுக்கிற குரலில்தான் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இருபத்திரண்டு வருஷம் வீட்டுலயே இருந்துட்டீங்க. உட்கார்ந்த வேலையை முடிச்சிட்டுத்தான் எழுந்திரிக்கணும்கிற பழக்கம் வர கொஞ்ச நாள் ஆகும்."

"யாரு வீட்டுல இருந்தது?"

"நீங்கதான். உங்க பயோடேட்டாவுல அப்படித்தானே போட்டிருக்கு?"

அதிகாரி தாளைத் திருப்பி மேசை மேல் தள்ளினாள். ஆங்கிலம். ஆனால் அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குக் கழுகக்காவுக்கு இப்போது ஆங்கிலம் வரும். குடும்பத் தலைவி, இருபத்திரண்டு ஆண்டுகள்.

கழுகு என்பது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரர்கள் வைத்த பெயர். தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்த்து அனுப்புகிற செக்கர் அவள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை, நின்றபடியே. விட்டுப்போன ஒரு தையல் அவள் கண்ணுக்குத் தப்பியதாகச் சரித்திரம் இல்லை. பயத்தில் கழுகு என்றார்கள், மரியாதையில் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பத்தாறு வயதில் தொழிற்சாலை மூடப்பட்டதும் அழுதுகொண்டு உட்காராமல் கணினி மையத்தில் போய்ச் சேர்ந்தாள். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற படிப்பு. "சட்டையில பாத்தேன், இனிமே கம்ப்யூட்டர்ல பாக்கறேன், அவ்வளவுதானே?" என்று சேர்ந்தவளுக்கு மவுஸைப் பிடிக்கவே ஒரு வாரம் ஆனது. வகுப்பில் எல்லோரும் ஆன்ட்டி என்றார்கள். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துத் தேறினாள். மகள்தான் பயோடேட்டா எழுதி எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பினாள். மாதக்கணக்காகக் காத்திருந்து, முதன்முதலாகக் கூப்பிட்ட இடம் இது.

காலையில் வந்ததும் ஒரு பரீட்சை வைத்தார்கள். மருத்துவமனையில் டோக்கன் பதிவு செய்கிற திரை. ஒரு மணி நேரத்தில் அதில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். மற்ற ஆறு பேரும் படபடவென்று தட்டிக்கொண்டிருக்க, கழுகக்கா பத்தே நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டாள். பிறந்த தேதி என்று கேட்கிற இடத்தில் நாளைய தேதியைப் போட்டாலும் திரை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. அதை எழுதினாள். அடியில் 'திருப்பி அனுப்பவும்' என்று எழுதினாள். அவளைப் பொறுத்தவரை வேலை முடிந்தது; அதிகாரிக்கு அது பாதியில் விட்ட வேலை.

அவள் இருந்த தொழிற்சாலையில் அதுதான் சட்டம். ஒரு குறை கண்ணில் பட்டதும் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கூடையில் போட வேண்டும். சட்டை தைத்தவரிடமே போகும். திரும்பி வந்த பிறகு காலரிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரே சட்டையில் இரண்டாவது குறையைத் தேடிக்கொண்டு நின்றால், "அதோட குடும்பம் நடத்தப் போறியா?" என்று சூப்பர்வைசர் கத்துவான். ஆயிரக்கணக்கான நாட்கள் கையில் ஊறிய பழக்கம் மவுஸைப் பிடித்ததும் போய்விடுமா?

ஆனால் வீட்டில் சும்மா இருந்தவள் இதை எப்படிச் சொல்ல முடியும்?

சொன்னாள். நாற்காலியை விட்டு எழுந்தே சொன்னாள். ஸ்டிக்கர், கூடை, சூப்பர்வைசரின் வசவு, ஒன்றையும் விடவில்லை. அதிகாரிக்குப் பக்கத்தில் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த தாடிக்காரர் நிமிர்ந்தார். சோதனைக் குழுவின் தலைவர் அவர்தான். மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"அக்கா, இப்போ திருப்பி அனுப்ப வேண்டாம். இது ஒரே சட்டைதான். கிழிச்சுத் தோரணம் கட்டுங்க, பாக்கலாம்."

அரை மணி நேரத்தில் பதினேழு குறை சொன்னாள். அதில் இரண்டு தாடிக்காரரின் பட்டியலிலேயே இல்லை. அவர் எழுதிக்கொண்டார்.

அதிகாரி மட்டும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "இதுல இருக்கறது எல்லாம் உண்மைன்னு காலையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பொய்த் தகவல்னு தெரிஞ்சா ஆறு மாசத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு விதி. நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

தாடிக்காரர் மேற்கூரையைப் பார்த்தார்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். அதிகாரி மேல் கோபம், விதியின் மேல் கோபம், மேற்கூரையைப் பார்த்த தாடியின் மேல் கோபம். அதிகம் தன் மேல்தான். முன்பின் தெரியாதவன் தைத்த சட்டையைக் கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் விடாதவள், மகள் எழுதியது என்பதால் பயோடேட்டாவைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

"என்னம்மா ஆச்சு, கிடைச்சிடுச்சா?"

"யாருடி அது, குடும்பத் தலைவி?"

மகளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டியது. ஆனால் அவளும் விடவில்லை.

"மூணு மாசம் ஃபேக்டரின்னு போட்டுத்தாம்மா அனுப்பினேன். ஒருத்தன் கூப்பிடல. அந்த வரியை மாத்தினேன், ஒரே வாரத்துல கூப்பிட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

அது உண்மைதான். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. மகள் பொய் சொன்னாளா, வழி கண்டுபிடித்தாளா என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்வது கஷ்டம். கழுகக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

"உன் ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்க?"

மகள் கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"வாயைத் திறடி."

"... அம்மா வீட்டுலதான் இருக்காங்கன்னு."

"எப்போலேருந்து?"

"காலேஜ்லேருந்து."

கழுகக்கா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "பட்டம் வாங்கற அன்னிக்கு அரைநாள் லீவு போட்டு ஓடி வந்தேனே. வாசல்லயே நிறுத்தி, 'யூனிஃபார்ம் கோட்டைக் கழட்டிப் பையில வச்சிடும்மா'ன்ன. வெயிலுக்குச் சொல்றேன்னு நினைச்சேன்டி. என் பொண்ணுக்கு என் மேல எவ்வளவு அக்கறைன்னு தையல் லைன் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மகள் அழுதாள். கழுகக்கா அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கணினியைத் திறந்து உட்கார்ந்தாள்.

இரண்டு விரலால் தட்டித் தட்டி ஒரு பக்கம் எழுதினாள். முதல் வரியிலேயே தொழிற்சாலை, செக்கர் வேலை, இருபத்திரண்டு வருடம். பின்னால் வந்து நின்ற மகள், "அம்மா, இந்த இடத்துல இங்கிலீஷ் தப்பா இருக்கு, நான் வேணா..." என்று கையை நீட்டினாள்.

"கையை எடு. தப்பு எங்கன்னு சொல்லு, நானே திருத்திக்கறேன்."

மகள் சொன்னாள். இவள் திருத்தினாள். கடைசி வரி வரை போய்விட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தாள்.

அந்த மாதம் எட்டு நிறுவனங்களுக்கு அனுப்பினாள். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று மகள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இன்னும் கோவம் போகலையாம்மா?"

"போகல," என்றாள் கழுகக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன்பதாவது கம்பெனி எது? அட்ரஸைப் படி."