தேனீப் பெட்டிக்குப் பூசை போட்ட வருஷம்

ஆயுத பூசைக்கு என் கணவர் லாரிக்குச் சந்தனம் வைத்தார். நான் தேனீப் பெட்டிகளுக்கு வைத்தேன். சோறு போடுகிற சாமான் எதுவோ, அதற்குத்தானே பூசை. எங்கள் ஊர் பெக்கான் நானாஸில் வீட்டுக்குப் பின்னால் நாலு பெட்டிகள் இருந்தன. என் தையல் மிஷினைவிட அவைதான் கெட்டிக்காரத்தனமாகச் சம்பாதிக்கின்றன என்று பெருமையடித்துக்கொள்வேன். ஒவ்வொரு பெட்டியின் கீழேயும் வாழையிலை போட்டு, வெல்லம் கலந்த அவல் பொரி படைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, பெட்டிகளின் முன்னால் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. சில மல்லாந்து சுழன்றுகொண்டிருந்தன. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

வேலிக்கு அந்தப் பக்கம் அன்னாசித் தோட்டம். சொந்தக்காரர் ஒரு வயதான சீனர். அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். முந்தின நாள் அவர் முதுகில் மருந்து டின்னோடு போனதைப் பார்த்திருந்தேன். வேறென்ன சாட்சி வேண்டும்? நேராக, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பசியாறிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், "அங்கிள் மருந்தடிச்சு என் தேனீயெல்லாம் கொன்னுட்டாரு" என்றேன். யாருக்கும் விளங்காமல் போய்விடக் கூடாதே என்று மலாயிலும் ஒரு தடவை சொன்னேன்.

பக்கத்து ஊரான பொந்தியானில் தேனீ வளர்க்கும் மலாய்க்காரர் ஒருவர், நான் கூப்பிட்டதால் மறுநாள் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார். நோய் என்றால் புழுக்கள் அழுகியிருக்கும், அவை நன்றாகவே இருந்தன. பட்டினியும் இல்லை, அடையில் தேன் இருந்தது. ராணி செத்திருந்தால் கூட்டம் வாரக்கணக்கில்தான் குறையும். இப்படி ஒரேயடியாகச் செத்தால் பெரும்பாலும் விஷம்தான் என்றார். பிறகு பெட்டிக் காலைச் சுற்றியிருந்த வெள்ளைப் பொடியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

எறும்புப் பொடி. பூசை முடிந்து இலையை எடுத்த பிறகும் எறும்பு சாரைசாரையாக வந்ததால் நான்தான் தூவினேன். மண்ணில் ஒட்டியிருந்த வெல்லத்துக்குத் தேனீயும் இறங்கும் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. தோட்டத்து மருந்து காற்றில் வந்தாலும் இப்படித்தான் சாகும் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நாள் ஓட்டினேன். அங்கிள் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மெதுவாக மலாயில் பேசினார். "உன் பக்கம் நான் மருந்தே அடிக்கிறதில்ல. நீ பெட்டி வெச்சதிலேர்ந்து அங்க புல்லைக் கையாலதான் வெட்டுறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்குங்க அங்கிள் என்றேன்.

"என்கிட்ட ஏன் சொல்ற? கடையில சொல்லு."

மறுநாள் காலை போனேன். அதே ஆட்கள்தான் பசியாறிக்கொண்டிருந்தார்கள். தமிழிலும் மலாயிலும் சொன்னேன். அன்றைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள், இன்றைக்குத் தலை நிமிராமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.