எட்டு ரூபாய் குறைந்த பொட்டலம்

டிக்கெட் கொடுக்கும் அம்மாவுக்கு நான் எட்டு ரூபாய் கடன்பட்டவன். படித்தது நாலாம் வகுப்பு. இன்றைக்கு மூன்று லாரி ஓடுகிறது, நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். அத்தனைக்கும் முதல் படி எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் அந்தச் சன்னல். அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசினால் என் வாய் அழுகிவிடும்.

நூறு வருஷத்துக் கல் கட்டடம். சில்லறை தேய்த்தே சன்னல் பலகையில் குழி விழுந்திருக்கிறது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் பிழைப்புத் தேடிக் கிளம்பிய அன்று, வண்டி வந்து நின்றுவிட்டது. காசைக் காகிதத்தில் சுருட்டி நீட்டி, "சரியா இருக்கும்மா" என்றேன். குறைகிறது என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன அவர், பிரித்துப் பார்க்காமல் டிக்கெட்டைக் கொடுத்தார்.

கல்லாவில் குறைந்தால் கைக்காசு போட வேண்டும். மறுநாளிலிருந்து அவர் சன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்ட ஆரம்பித்தார். நாம்தான் எண்ணி வைக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "ஒரு பொட்டலத்த நம்பினேன்" என்பார், அவ்வளவுதான். எண்ணி வைக்க நேரமானாலும் அந்தக் கையால் யாரும் வண்டியைத் தவறவிட்டதில்லை. கம்ப்யூட்டர் படுத்த நாளில் அறுபது பேருக்குக் கையாலேயே எழுதிக் கொடுத்தார், பைசா பிசகவில்லை. என் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டே தினமும் தலையைச் சொறிகிறான்.

பிழைத்து ஊர் திரும்பிய பிறகு மாதாமாதம் டிக்கெட்டுக்காக அந்தக் கையில் காசு வைத்தேன். உண்மையைச் சொல்ல மட்டும் நா எழவில்லை. ஊர் மதிக்கிற மனுஷன் எட்டு ரூபாய் ஏமாற்றியதை எந்த முகத்தோடு சொல்வது?

போன வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி வேலை நாள். அன்று விட்டால் அந்தக் கை இனி இல்லை. ஐயாயிரம் ரூபாய்க் கட்டோடு போய் நின்று, அதை நீட்டினேன்.

"எங்க போறீங்க பெரியவரே, நிலாவுக்கா? நம்ம வண்டி அவ்ளோ தூரம் போகாது."

"அந்தப் பொட்டலம் நான்தாம்மா."

வரிசையே எட்டிப் பார்த்தது. என் லாரி டிரைவரும் அதில் நின்றான்.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மாசாமாசம் எதிர்லயே நின்னீங்க. நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன்."

"வட்டியோட வாங்கிக்கம்மா."

"குறைஞ்சது எட்டு ரூபா. கடைசி நாள்ல ஒரு ரூபா கூடினாலும் என் கணக்கு இடிக்கும். சில்லறை இருக்கா, இல்லையா? பின்னாடி ஆள் நிக்குது."

என்னிடம் ஐந்துதான் இருந்தது. மூன்றை டிரைவரிடம் கேட்டு வாங்கினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தான்.

சன்னல் வழியே கை வந்தது. ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, எட்டையும் அந்த உள்ளங்கையில் வைத்தேன்.